தனியாசிரியரும் ஆசிரியர் குழாமும்

இடையஞ்சாவடியின் செம்மண் மேட்டிலிருந்து மேற்கே ஒரு நாள் நடந்தால் திருபுவனையை அடையலாம். இன்னும் ஒரு நாள் நடந்தால் எண்ணாயிரம் வந்துவிடும். முன்னது இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் பின்னது விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியவை. பேருந்தில் செல்வோர் பெயர்ப் பலகையைக்கூடக் கவனியாது கடந்துபோகும் ஊர்கள். ஆயினும், பள்ளி என்னும் அமைப்பு நம் மண்ணில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை அறிய விழைவோர் இவ்விரு ஊர்களின் கல்வெட்டுகளைக் கடந்துசெல்ல இயலாது.

முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர் பயின்ற ஒரு கல்லூரியைக் குறிப்பிடுகிறது. அவர்களுள் 270 பேர் இளநிலையினர். 70 பேர் முதுநிலையினர். கற்பித்தோர் 14 பேர். வேதம் ஓதுவிப்போர் தனி, இலக்கணம் பயிற்றுவோர் தனி, மீமாஞ்சைக்கும் வேதாந்தத்திற்கும் தனி என்று பொறுப்புகள் பகுக்கப்பட்டிருந்தன. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டில், திருபுவனையில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இவற்றினும் நுணுக்கமானது. அங்கே பள்ளியும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் ஒன்றாக இயங்கின. அக்கல்வெட்டு ஆசிரியரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சமைப்போர், பணிப்பெண்கள், மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நாவிதர் என ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய நெல்லோடு சேர்த்துச் சொல்கிறது. மாணவர் சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் ஏற்பாடு உண்டு.

மாணவர் தொகையைக் கண்டு நாம் வியக்கவில்லை. பன்னிருவர், பதினால்வர் ஒரு கூரையின்கீழ்ப் பாடம் பகிர்ந்து கற்பித்தனர் என்பதும், அடுப்பு மூட்டுபவரும் கல்விப் பணியின் உறுப்பினரே என்று அரசன் கல்லில் பொறித்தான் என்பதுமே நம் சிந்தனைக்கு உரியவை. அதே வேளையில் மற்றோர் உண்மையையும் மறைக்கலாகாது. இக்கூடங்கள் அந்தணச் சிறுவர்க்கென அமைந்தவை. அளக்கப்பட்ட நெல்லை விளைவித்தவரின் பிள்ளைகள் அவற்றின் வாயிலை மிதித்ததில்லை. ஆசிரியர் குழாம் என்பது அன்று ஒரு சாரார்க்கு வாய்த்த செல்வம். ஏனையோர்க்குக் கிடைத்தவர், கிடைத்தால், தனியொருவரே.

நம் இலக்கண மரபும் ஆசிரியரைத் தனியொருவராகவே காண்கிறது. நன்னூலார் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். பொறுமை, உயர்வு, நடுநிலை, இனிமை ஆகிய அனைத்தும் ஒரே மனிதரிடம் அமையவேண்டும். நால்வர் கூடி அந்நான்கையும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே எழவில்லை. எழாததில் குற்றமும் இல்லை. அவர் கண்ட ஆசிரியர் அத்தகையவர்.

அந்தத் தனியாசிரியர் வாழ்ந்த இடங்கள் திண்ணையும் மரநிழலும் சாவடியும். சாவடி என்ற சொல் இடையஞ்சாவடியின் பெயரிலேயே தங்கியிருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறவும், ஊரார் கூடி வழக்குப் பேசவும், சில வேளைகளில் சிறுவர் எழுத்துக் கற்கவும் பயன்பட்ட பொதுவிடமே சாவடி. அங்கே மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியால் கீறி, எண்சுவடியை உரக்க ஓதி மாணவர் கற்றனர். ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தமையால், ஆசிரியர் மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கி இளையோரை அவனிடம் ஒப்படைத்தார். அத்தனி மனிதர்க்கு வாய்த்த ஒரே துணை அவனே.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பேர். பெரும்பாலும் ஒரே ஆசிரியர். மாணவருள் சிறுமியர் 4,540 பேரே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைத் திண்ணைக்கு அருகிலும் விடவில்லை. 'அந்தக் காலத்துப் படிப்பே படிப்பு' என்று ஏங்குவோர் இவ்விரு செய்திகளையும் நினைவில் கொள்வாராக.

சட்டாம்பிள்ளையின் புகழ் கடல் கடந்தது தனிக்கதை. சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற சிறுவர்க்கான விடுதிப் பள்ளியின் மேற்பார்வையை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் இளையோரை ஒப்படைத்தார். முயற்சி வென்றது. 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு அதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளிலும் பரவியது. ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்கலாம் என்பதால் செலவை எண்ணுவோர்க்கு அது உவப்பாயிற்று. நாம் இதனைச் சற்றே வேறு கோணத்தில் நோக்குகிறோம். உடனிருந்த ஆசிரியரை உடன்பணியாளராக்க இயலாத ஒருவர், அவர்களைக் கடந்து ஒரு சிறுவனைத் துணைக்கொண்டார். கற்பித்தல் நடந்தது, ஆசிரியர் குழாம் பிறக்கவில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரு குழாம் வேண்டும் என்னும் எண்ணத்தைச் செயலாக்கியவர்களுள் முதன்மையானவர், பெல்லுக்கு நூறு ஆண்டுகள் முன்னரே பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் அவரே. அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நம் நாட்டிலும் உள்ளன. எனினும் அவர் செய்தது யாது என்று கேட்டால், ஆசிரியர் தின விழாவில் அவர் படத்திற்கு மாலையிடும் நம்மில் பலரும் தயங்குவோம்.

அவர் ரேம்ஸ் நகரப் பேராலயத்தில் நியமனம் பெற்ற செல்வக் குடும்பத்துக் குரு. 1679இல் அட்ரியன் நியேல் என்பவர் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்க அந்நகருக்கு வந்தபோது, வழிகாட்டி உதவுவதே போதும் என்று எண்ணினார் தெ லா சால். பள்ளிகள் தோன்றின, நிலைக்கவில்லை. ஆசிரியராக வந்தோர் எளிய குடியினர், பயிற்சி அற்றவர், வேறு வேலை கிடைத்தால் போய்விடுவோர். ஒருவர் எவ்வாறு கற்பிக்கிறார் என்பது மற்றவர்க்குத் தெரியாது. தெ லா சால் முதலில் அவர்களைத் தம் வீட்டில் உணவருந்த அழைத்தார். 1681இல் தம்முடனேயே தங்கவும் செய்தார். உறவினர் வெகுண்டனர். அடுத்த ஆண்டு அவர் தம் இல்லத்தை விட்டு ஆசிரியர்களுடன் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தார்.

ஒரே கூரை, ஒரே உணவு. ஆயினும் அது குழாமாகிவிடவில்லை. எதிர்காலத்தை நினைத்து அஞ்சிய ஆசிரியரிடம், இறைவனின் பராமரிப்பில் நம்பிக்கை வையுங்கள் என்று அவர் எடுத்துரைத்தார். உமக்குச் சொத்துண்டு, பேராலய வருமானமுண்டு. பள்ளி வீழ்ந்தால் நீர் நிற்பீர், நாங்கள் தெருவில் நிற்போம் என்னும் பொருள்பட அவர்கள் விடையிறுத்தனர். வரலாற்றில் ஆசிரியர் கூட்டங்களில் பேசப்பட்ட சொற்களுள் இவற்றைவிட நேர்மையானவை அரியவை என்றே தோன்றுகிறது. அவர் அதற்கு மறுமொழி கூறவில்லை. 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த கொடும் பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு உணவாகப் பகிர்ந்தளித்தார். அதன்பின் அவர்களுள் ஒருவராக அமர்ந்தார். அந்த நாளிலிருந்தே குழாம் பிறந்தது எனலாம்.

1694இல் அவரும் பன்னிரு சகோதரரும் ஏழைகளின் பள்ளிகளை இணைந்து நடத்துவதாக வாழ்நாள் வாக்களித்தனர். நோக்குக: அவர்கள் அளித்த வாக்கு கற்பிப்பதற்கு மட்டுமன்று, இணைந்து கற்பிப்பதற்கு. அச்சபையில் குருப்பட்டம் எவர்க்கும் இல்லை என்றும் முடிவாயிற்று. குருவும் குருவல்லாதவரும் என இரு தரம் உண்டானால் ஒற்றுமை குலையும் என அவர் அஞ்சினார். பங்குத்தந்தையர்க்கு இச்செய்தி சற்று உறுத்தலாக இருக்கலாம், உறுத்தட்டும்.

அவர்கள் எழுதிய பள்ளி நடத்தை நூல் 1706இல் கையெழுத்துப் படியாக வழங்கி, 1720இல் அச்சேறியது. மூத்த ஆசிரியர்களோடு பன்முறை கலந்துரையாடியும், செய்து பார்த்துத் திருத்தியும் உருவான நூல் அது. உயர்ந்த தத்துவங்களை அதில் தேடுவோர் ஏமாற்றமடைவர். மணி எப்போது அடிக்கவேண்டும், எழுதுகோலை எப்படிச் சீவவேண்டும், வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பன போன்ற செய்திகளே அதில் மிகுதி. வராதவர் வீடுகளுக்குச் சென்று விசாரித்துவர மாணவரிலேயே சிலர் அமர்த்தப்பட்டனர். ஆண்டு இறுதியில் ஒவ்வொரு பிள்ளையின் இயல்பையும் குறித்த பதிவேடொன்றை ஆசிரியர் எழுதித் தலைவரிடம் தருவார். அது அடுத்த வகுப்பாசிரியர் கைக்குச் செல்லும். ஒருவர் ஓராண்டு முயன்று அறிந்தது அவரோடு மறைந்துவிடாமல் மற்றவர்க்குச் சொத்தாயிற்று. இதைவிட எளிய ஏற்பாடு வேறு உண்டோ? இதைவிட அரிதாகக் கைக்கொள்ளப்படுவதும் வேறு உண்டோ?

சகோதரரைத் தனியே ஓரிடத்திற்கு அனுப்புவதில்லை என்பது அவர் வழக்கம். ஒரு விதிவிலக்கு நேர்ந்தது. 1702இல் கபிரியேல் துரோலின் என்பவர் தம் உடன்பிறந்தவருடன் ரோமைக்குச் சென்றார். உடன் சென்றவர் விரைவில் திரும்பிவிட, துரோலின் 26 ஆண்டுகள் அங்கே தனித்து நின்றார். தெ லா சால் அவர்க்கு எழுதிய கடிதங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. துணை அனுப்ப அவர் விரும்பியும் தம் வாழ்நாளில் அது கைகூடவில்லை. தனித்து நின்றும் துரோலின் தளரவில்லை. அத்தகையோர் எக்காலத்தும் உண்டு. நம் கடற்கரை ஊர்களிலும் ஒற்றை ஆசிரியராய் இருபது ஆண்டுகள் பணியாற்றி, ஓர் ஊரையே எழுத்தறியச் செய்தவர் இருந்தனர். ஆனால் அத்தகையோரை எதிர்பார்த்து ஒரு கல்வி முறையை வகுக்க இயலுமா என்பதே வினா.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். 1844இன் தொடக்கத்தில் ஆயர் பொன்னாண்ட் ஆண்டகை புதுச்சேரியில் ஒரு மாமன்றம் கூட்டினார். கல்வி குறித்தும் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது குறித்தும் அது முடிவுகள் எடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த லூயி சவினியன் துய்ப்புய் அடிகளார், பெண் குழந்தைகளின் கல்விக்கென ஓர் அருட்சகோதரியர் சபையைத் தொடங்கினார். மரியின் மாசற்ற இதய பிரான்சிஸ்கன் சபை என இன்று நாம் அறிவது அதுவே. துய்ப்புய் அடிகளார் தனித்து இயங்கும் இயல்பினர் அல்லர். முசே அடிகளாரோடு இணைந்து அவர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியை அறிஞர் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.

பெண்கள் எழுத்தறிவது குடும்பப் பெண்டிர்க்கு ஆகாது என்று கருதிய காலம் அது. சிறுமியர்க்குப் பள்ளி வேண்டுமெனில் பெண்ணாசிரியர் வேண்டும். ஒரு பெண் தனியே ஓர் ஊரில் தங்கிக் கற்பிப்பதை அன்றைய சமூகம் எவ்வாறு ஏற்றிருக்கும்? ஊர்வாய் அவரை ஒரு திங்கள்கூட விட்டுவைத்திராது. ஆகவே பெண்கல்விக்குக் குழாம் என்பது அழகுக்கு அமைந்ததன்று. அஃதின்றிப் பள்ளியே இல்லை. சிலர் சேர்ந்து ஓர் இல்லத்தில் தங்கி, ஒருவர் கற்பிக்க, ஒருவர் சமைக்க, ஒருவர் நோயுற்றால் மற்றவர் வகுப்பை ஏற்க, அந்த ஏற்பாட்டின் துணையால்தான் நம் பாட்டிமாரில் பலர் எழுத்தறிந்தனர். மன்றோவின் கணக்கில் கண்ட 4,540 என்ற எண்ணை இவ்விடத்தில் மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்வதற்கில்லை. கோயிலுக்குள்ளேயே சாதிக்கோர் இடம் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் பள்ளியும் துறவு இல்லமும் மட்டும் அதற்கு விலக்காக இருந்திருக்க இயலாது.

அரசின் பள்ளிகளில் தனியாசிரியர் நெடுங்காலம் நீடித்தார். விடுதலைக்குப் பின் ஊர்தோறும் பள்ளி என்னும் வேகத்தில், கட்டடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர் எனத் திறந்துகொண்டே சென்றனர். அவ்வேகம் தவறன்று, அதுவும் இன்றேல் ஒன்றுமே இருந்திராது. 1964இல் அமைக்கப்பட்டு 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள சிறு பள்ளிகளை ஒரு வளாகமாக இணைக்கப் பரிந்துரைத்தது. தனித்து நிற்கும் ஆசிரியரின் தனிமையைப் போக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. நற்கருத்து, தாளிலேயே பெரிதும் தங்கிவிட்டது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அப்போது ஓராசிரியர் பள்ளிகளே. ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு அறைகளேனும் இரண்டு ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும், இருவருள் ஒருவர் இயன்றவரை பெண்ணாக இருத்தல் வேண்டும் என்று அத்திட்டம் விதித்தது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதனைச் சட்டமாக்கியது: 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர். எண்ணாயிரத்து மாணவர்க்குச் சோழப் பேரரசன் அளித்ததன் சிறு நிழலொன்று குக்கிராமத்துப் பிள்ளைக்கும் சட்டப்படி உரியதாக ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

இருவர் வந்துவிட்டனர். இனி கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் போடுவோம். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் இருவர். அவ்விருவருள் ஒருவர் தலைமையாசிரியர். பதிவேடுகள், வட்டாரக் கல்வி அலுவலகத்துக் கூட்டங்கள், விலையில்லாப் புத்தகங்களை எடுத்து வருதல், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எல்லாம் அவர் தலையில். அவர் வெளியே சென்ற நாளில் ஐந்து வகுப்பும் மற்றவரிடம். இந்நிலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் எங்கே தடுமாறுகிறான் என்பதை இருவரும் அறிந்திருந்தால் பாடம் தொடரும். ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் அன்று அவன் சிலேட்டில் படம் வரைவான். பெரிய பள்ளிகளில் ஆசிரியர் ஒற்றுமை நற்பண்பு. சிறிய பள்ளியில் அது பாட வேளையே.

தொகை கூடினால் குழாம் தானே உண்டாகும் என்பது நாம் அடிக்கடி காணும் மயக்கம். வீரமாமுனிவர் படைத்த பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடரும் எங்கும் சேர்ந்தே சென்றனர், சேர்ந்தே கெட்டனர். ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொருவரும் ஆளெண்ணித் தம்மை எண்ணாது விட்டு, ஒருவரை ஆறு கொண்டதென்று அழுத கதையை அறியாதார் யார்? நம் பள்ளிகளின் ஆசிரியர் கூட்டங்களில் சில வேளை அமர்ந்திருக்கும்போது அக்கதை நினைவுக்கு வரும். பணி ஏன் நடக்கவில்லை என்று எண்ணும்போது ஒவ்வொருவரும் மற்றவரையே எண்ணுகிறோம். பல இடங்களில் கூட்டம் என்பது சுற்றறிக்கையை வாசித்துக் கையொப்பம் வாங்குவதோடு முடிகிறது. இன்ன பிள்ளை இன்ன நிலையில் உள்ளான் என்ற பேச்சு அங்கே எழுவது அரிது.

இதற்கு ஆசிரியரின் மனத்தை மட்டும் குறைகூறுவது எளிது. நம் திருச்சபைப் பள்ளிகளின் அமைப்பிலேயே ஒரு விரிசல் உள்ளது. அரசு உதவிபெறும் பணியிடத்தில் உள்ளவர் அரசு ஊதியம் பெறுவார். அடுத்த அறையில் அதே பாடத்தை அதே தகுதியோடு நடத்தும் நிர்வாக ஆசிரியர் அதில் ஒரு பகுதியையே பெறுவார். ஒருவர்க்குப் பணிப் பாதுகாப்பு உண்டு. மற்றவர்க்கு அடுத்த சூன் மாதம் உறுதியில்லை. இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்தி, ஒரே குடும்பமாக உழையுங்கள் என்று நாம் மறையுரை ஆற்றுகிறோம். ரேம்ஸ் நகர ஆசிரியர் தெ லா சாலுக்குக் கூறிய விடையை நம் ஆசிரியர் வாய்விட்டுக் கூறுவதில்லை, அவ்வளவே. கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 1982இல் பள்ளிகளில் பணியாற்றும் பொதுநிலையினர் பற்றியும், 2007இல் துறவியரும் பொதுநிலையினரும் இணைந்து கற்பிப்பது பற்றியும் ஏடுகள் வெளியிட்டது. முன்னது ஆசிரியரின் நியாயமான ஊதியத்தையும் பேசுகிறது. தாளாளர் பொறுப்பை ஏற்கும் குருக்கள் அப்பகுதியை விரைந்து புரட்டிவிடக் கூடாது.

ஆசிரியர் அறையில் சாதியும் அமர்ந்திருக்கிறது என்பதை இதழில் எழுதுவது சிலர்க்குப் பிடிக்காது. யார் யாருடன் அமர்ந்து உண்கிறார் என்பதைப் பிள்ளைகள் நன்கு அறிவர். சத்துணவுக் கூடத்து அம்மாவை ஆசிரியர் எவ்வாறு அழைக்கிறார் என்பதையும் அவர்கள் கவனிக்கின்றனர்.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என ஊழியர் பள்ளிக்குள் வந்தனர். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மகளிர் குழுவினரையும் கொணர்ந்தது. 2024 சூலை 15 முதல் ஊரகத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆக இருவர் பள்ளி எனப்படுவது உண்மையில் ஐவர், அறுவர் பள்ளி. திருமுக்கூடல் கல்வெட்டு சமையலரை ஆசிரியரோடு ஒரே வரிசையில் எழுதியது. நம் பள்ளிகளின் ஆசிரியர் கூட்டத்திற்குச் சமையலர் அழைக்கப்பட்டதாக நாம் கேள்வியுற்றதில்லை.

அழைத்தால் என்ன பயன் என்று வினவுவோர் இடையஞ்சாவடியிலிருந்து வடக்கே வந்து பார்க்கலாம். முந்திரித் தோப்புகள் முடிந்து, கழுவெளி ஏரியின் பரப்பைக் கடந்தால் மரக்காணத்து உப்பளங்கள். ஏறத்தாழ சனவரியில் பாத்திகள் சீராகும். மழை இறங்கும்வரை உப்பெடுப்பு நடக்கும். வெயில் ஏறுமுன் வேலை முடியவேண்டும் என்பதால் பெற்றோர் விடியுமுன்னரே அளத்திற்குப் போய்விடுவர். எட்டு வயது அக்காள் நான்கு வயதுத் தம்பியை எழுப்பி, முகம் கழுவி, கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். உப்பு மிகுதியாக விளையும் கோடையில் சில நாள் வரமாட்டாள். பதிவேட்டில் ஆசிரியர் வரவில்லை என்று குறிப்பார். காலையில் தட்டுகளை எண்ணும் பெண்ணோ, எந்தப் பிள்ளை இரண்டு நாளாய் வரவில்லை, எந்தப் பிள்ளை தம்பிக்கென ஒரு கவளம் ஒதுக்கி வைக்கிறது, யார் கைவிரலில் உப்புப் புண் என்பதையெல்லாம் அறிந்திருப்பார். அவரும் பெரும்பாலும் அதே தெருவினர்; அப்பிள்ளையின் தாயோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவராகவும் இருக்கலாம். அவர் அறிந்தது ஆசிரியர் செவிக்குப் போய்ச் சேர ஒரு வழி இருந்தால், அச்சிறுமிக்கு ஐந்தாம் வகுப்பு கிடைக்கும். வழி இல்லையேல் பன்னிரண்டு வயதில் அவள் தலையில் உப்புக் கூடை ஏறும்.

இக்கரையில் அண்மையில் நடந்த ஒரு முயற்சியையும் பதிவுசெய்தல் தகும். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபர் 27ஆம் நாள், 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ஊர் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். மாலை வேளையில் ஊர்ப் படித்த இளையோர், பெரும்பாலும் பெண்கள், தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். பகலில் பள்ளியாசிரியர், மாலையில் தன்னார்வலர். இருவரும் சந்தித்துப் பேசிய இடங்களில் பகலில் விட்ட பாடம் மாலையில் தொடர்ந்தது. பேசாத இடங்களில் பிள்ளை ஒரே கூட்டலை இருமுறை எழுதியது. தன்னார்வலரைப் போட்டியாளராய்க் கண்ட ஆசிரியரும் உண்டு. தம் மேசையின் ஓரத்தில் அவர்க்கு ஒரு நாற்காலி இட்டவரும் உண்டு.

இடையஞ்சாவடியின் பக்கத்தில் 1968இல் ஆரோவில் தோன்றியபின் புதுமுறைப் பள்ளிகள் சில எழுந்தன. உதவி பள்ளி இடையஞ்சாவடியிலேயே உள்ளது. அரசுப் பள்ளி, திருச்சபைப் பள்ளி, அத்தகைய பள்ளி ஆகிய மூவகையாரும் சில கல் தொலைவுக்குள் பணியாற்றும் பகுதி இது. கோத்தாரி குழு விரும்பிய வளாகத்தை எந்த ஆணையும் இன்றி அமைத்துக்கொள்ளத் தக்க நிலப்பரப்பு. ஆயினும் ஒரு பள்ளியை விட்டு மறுபள்ளியில் சேரும் பிள்ளையோடு மாற்றுச் சான்றிதழ் மட்டுமே செல்கிறது. அதில் பெயர், பிறந்த நாள், நடத்தை 'நன்று' ஆகியன இருக்கும். அப்பிள்ளைக்கு இடக்கண் பார்வை மங்கல் என்பதோ, அவன் தந்தை உப்பளப் பருவத்தில் மட்டும் ஊரில் இருப்பார் என்பதோ, பாட்டுச் சொன்னால் கணக்கையும் கற்றுக்கொள்வான் என்பதோ இராது.

இந்த ஆண்டும் ஐப்பசி மழை பெய்ததும் பாத்திகள் நீரில் மூழ்கும். அளத்து வேலை நின்று பெற்றோர் வீட்டில் இருப்பர். பிள்ளைகளின் வருகை கூடும். தை பிறந்ததும் பாத்திகளை மீண்டும் மிதித்துச் செப்பனிடத் தொடங்குவர். இரண்டிற்கும் இடையே உள்ளவை ஏறத்தாழ மூன்று மாதங்கள். ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டைத் தைத்து, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இரு ஆசிரியரும் சமையலறை அம்மாவும் தாமறிந்ததைச் சொல்லி எழுதிவைக்க அக்காலம் போதும்.